எஞ்சின் வகுப்பும் சமநீதியும்

போட்டி என்னும் சொல்லிலேயே சமத்துவம் பற்றிய ஓர் எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது. ஓடுவோர் அனைவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்பட வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. மோட்டார் சைக்கிள் பந்தயத்திலோ அந்தக் கோடு விதிப்புத்தகத்திலேயே வரையப்பட்டுவிடுகிறது. எத்தகைய எஞ்சின் எந்த வகுப்பில் ஓடலாம் என்ற தீர்மானம், யார் பந்தயத்துக்கு வரமுடியும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது.

பதுளையில் வளர்ந்த எனக்கு இவ்வுண்மையை முதலில் உணர்த்தியது என் தாய்மாமனின் சிறிய கராஜ். பசறை, ஹாலிஎல, தெமோதரைத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் தம் சைக்கிள்களை அங்கே கொண்டுவருவார்கள். தியத்தலாவையில் இராணுவத்தினர் நடத்திவந்த பொக்ஸ் ஹில் பந்தயம் நெருங்கினால் வேறு பேச்சே இராது. அது மேடுபள்ளத் தடத்தில் ஓடும் பந்தயம். எனினும் வகுப்புப் பிரிக்கும் சிக்கல் தார்ச்சாலைப் பந்தயத்துக்கும் பொதுவானதே. "மேல ஏற ஏற இஞ்சினுக்கு மூச்சு வாங்கும் தம்பி, ஜெட்ட மாத்தாம கொண்டு போகாத" என்பார் மாமா.

அவர் கூற்றில் பௌதிகம் இருந்தது. பதுளை நகரின் உயரம் சுமார் 680 மீற்றர். தியத்தலாவை சுமார் 1,250 மீற்றர். நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் சாதாரண எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. காபரேட்டரில் பெரிய ஜெட்டை அப்படியே விட்டால் பெற்றோல் மிகுந்து, எஞ்சின் புகைத்துத் திணறும். கொழும்பில் எழுதப்படும் விதி ஜெட் மாற்றத்தையும் தடைசெய்யுமானால் மலைநாட்டுப் போட்டியாளனுக்கு அது அநீதியாகும்.

இனி, கனவளவை மட்டும் வைத்து வகுப்புப் பிரிப்பது போதுமா? இரண்டடிப்பு எஞ்சின் சுழலித்தண்டின் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒருமுறை வலு தருகிறது; நாலடிப்பு எஞ்சினோ இரு சுழற்சிக்கு ஒருமுறை. உலகப் பந்தயத்தின் 500 சி.சி. வகுப்பில் இவ்விரண்டுக்கும் ஒரே எல்லை இருந்த காலத்தில், ஹொண்டா நிறுவனம் நீள்வட்ட வடிவப் பிஸ்ரன்களுடன் 1979இல் ஒரு நாலடிப்பு எஞ்சினைக் களமிறக்கியது. எத்தனை நுட்பம் செலவிட்டும் இரண்டடிப்பை அது வெல்ல முடியவில்லை. 2002இல் நாலடிப்புக்கு 990 சி.சி. வரை அனுமதி கிடைத்தது. அவ்வாண்டின் பந்தயங்கள் அனைத்தையும் நாலடிப்பு எஞ்சின்களே வென்றன. ஒரே எண் ஒரே வாய்ப்பைத் தருவதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகப் பதுளை கணிக்கப்படுவதை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று.

அடுத்தது பணம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இன் தொடக்கத்திலேயே பரவலாக மீண்டும் திறக்கப்பட்டது. இத்தகைய நாட்டில், வெளிநாட்டிலிருந்து தருவித்த பந்தய எஞ்சினுக்கென வகுப்பு அமைத்தால் லயத்துப் பிள்ளை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவனாகவே இருப்பான். செல்வந்த நாடுகளும் செலவைக் கட்டுப்படுத்தவே முயல்கின்றன. 2010இல் தொடங்கிய மோட்டோ2 வகுப்பில் அனைவருக்கும் ஒரே வகையான 600 சி.சி. ஹொண்டா எஞ்சின், முத்திரையிட்டு வழங்கப்பட்டது. வெற்றியைச் செலுத்துபவனின் கையும் சட்டத்தின் அமைப்பும் தீர்மானித்தன.

எல்லாவற்றிலும் பெரியது உயிர். 2024 ஏப்ரல் 21இல் பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளரிடையே பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். எஞ்சின் வகுப்பை நிர்ணயிப்போர் வேலியின் தூரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதை அந்நாள் உணர்த்தியது. கனவளவைக் குறைத்தால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. 2007இல் உலகப் பந்தயம் 800 சி.சி.க்கு இறங்கியபோது நேர்பாதையில் வேகம் சற்றுத் தணிந்தாலும், வளைவுகளில் அது கூடிற்று. ஆதலால் தடத்தின் வளைவும் பார்வையாளர் நிற்கும் இடமும் முதலில் அளக்கப்பட வேண்டும். அதற்கு ஏற்ற எஞ்சின் பின்னரே தெரிவுசெய்யப்பட வேண்டும்.

ஊவாவுக்கு ஏற்ற வகுப்பு எதுவெனக் கேட்டால் என் விடை எளியது. தெருவில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் நாலடிப்பு எஞ்சின், 150 சி.சி. அளவில். பஜாஜ், ரி.வி.எஸ்., ஹீரோ, ஹொண்டா என்று எதுவாயினும் ஆகுக. உதிரிப்பாகங்கள் பதுளைக் கடைவீதியிலேயே கிடைக்கும். ஜெட், பற்சில்லு, தடுப்புக்கட்டை ஆகியவற்றை மாற்றலாம், சிலிண்டரைக் குடையலாகாது. பந்தயம் முடிந்ததும் முதல் மூவரின் எஞ்சின்களும் அனைவர் முன்னிலையிலும் கழற்றி அளக்கப்பட வேண்டும்.

இது சிறிய வகுப்பு என நகைப்போர் இருக்கலாம். அதிக வேகத்தைக் காண விரும்புவோருக்கு உலகில் வேறு களங்கள் பல உண்டு. நம் மலைகளில் தேவைப்படுவது, காலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குத் தாயை ஏற்றிச் சென்ற அதே சைக்கிளில் மாலையில் ஒருவன் பயிற்சிக்கு வரக்கூடிய வகுப்பு.