அணைத்த பின்பும்

ஸ்விட்சை அணைத்தால் மின்சாரம் நின்றுவிடும் என்று நம்புகிறோம். நின்றதா என்று நாம் பார்ப்பது மின்சாரத்தை அல்ல, விளக்கையோ விசிறியையோதான். விசிறி நின்றது, ஆகவே மின்சாரம் இல்லை. இந்த ‘ஆகவே’யில் உள்ள ஓட்டையைப் பற்றியது இக்கட்டுரை. இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்பவர்கள், கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கலாம்.

கும்பகோணத்தில் நாங்கள் குடியிருப்பது பழைய ஓட்டு வீடு. சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே, இரும்புச் சட்டமும் இரும்பு இறக்கைகளும் கொண்ட ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது நிற்க மறுத்தது. ஸ்விட்சை அணைத்தால் வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். பிறகு தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

காற்று தள்ளுகிறதோ என்பது முதல் சந்தேகம். சுவர் ஓட்டையில் இருக்கும் விசிறியைக் காற்று சுற்றவைப்பது உண்டு. ஆனால் காற்றுக்கு மோட்டாரின் ரீங்காரம் கிடையாது. அடுத்தது ஸ்விட்ச். மோட்டாரை அணைக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்விட்சுக்குள் சிறு பொறி பறக்கிறது. வருஷக்கணக்கில் பறந்தால் உள்ளே தொடும் உலோக முனைகள் இரண்டும் உருகி ஒட்டிக்கொண்டுவிடலாம். அப்படி ஒட்டியிருந்தால் போட்டாலும் அணைத்தாலும் வேகம் ஒன்றாகவே இருக்கும். இங்கே வேகம் குறைகிறது. ஸ்விட்ச் ஏதோ ஒன்றை வெட்டுகிறது; வெட்ட வேண்டியதை வெட்டவில்லை.

உண்மையான தடயம் அம்மாவிடமிருந்து வந்தது. “மழை விட்டு வெயில் அடிச்சா மெதுவாயிடுதுப்பா. மறுபடி பெஞ்சா பிடிச்சுக்குது” என்றாள். மழைக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு, நான் படித்த பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் பதில் இல்லை. இன்னொன்றையும் சொன்னாள். சித்திரையில் ஒருநாள், நின்றிருந்த ஃபேனின் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்தபோது கை சுருக்கென்று இழுத்ததாம். சர்க்கரை கையில் வேலை காட்டுகிறது என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

வயர்மேன் வந்தார். ஸ்விட்ச் பலகையைக் கழற்றி, ஸ்விட்ச் போட்ட நிலையில் இரண்டு முனைகளிலும் டெஸ்டரை வைத்தார். இரண்டிலும் எரியவில்லை. ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, ஸ்விட்சில் டெஸ்டர் எரியவில்லை! “நியூட்ரல்ல ஸ்விட்ச் போட்டிருக்காங்க சார்” என்றார். மெயினை அணைத்து, ஃபேனின் எர்த் கம்பியைக் கழற்றினார். யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மெயினைப் போட்டார். ஃபேன் நின்றிருந்தது.

விளக்கம் எளியது. மின்சாரம் ஃபேஸ் கம்பியில் வந்து, மோட்டார் காயிலைக் கடந்து, நியூட்ரலில் திரும்புகிறது. ஸ்விட்ச் இருக்க வேண்டியது வரும் வழியில். இங்கே திரும்பும் வழியில் இருந்தது. காயிலின் கடைசி முனை காப்பு பழுதாகி இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்விட்சை அணைத்தால் திரும்பும் வழி அடைபடும். மின்சாரம் சட்டத்தில் ஏறி, எர்த் கம்பி வழியே கொல்லையில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழிக்குள் இறங்கும். மழையில் குழி நனைந்தால் அந்த வழி தாராளம், ஃபேன் ஓடும். கோடையில் குழி வறண்டால் ஃபேனைச் சுற்றவைக்கும் அளவுக்கு மின்சாரம் இறங்காது. ஃபேன் நின்றுவிடும், ஆனால் சட்டத்தில் மின்சாரம் காத்திருக்கும். ஆக, ஸ்விட்ச் போட்டிருக்கும்போது சட்டத்தைத் தொட்டால் அநேகமாக ஒன்றுமில்லை, அது நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது. அணைத்த பிறகுதான் ஆபத்து. துடைப்பவர்கள் தொடுவதும் அணைத்த பிறகுதான்.

நியூட்ரலில் மட்டும் தனியாக ஸ்விட்ச் வைக்கக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருக்கிறது. கம்பி இழுத்தவர் அதை மீறியது யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அணைத்தால் ஃபேன் நின்றது. சோதனை அதோடு முடிந்தது.

நம்முடைய விமர்சனமும் பெரும்பாலும் இந்தச் சோதனையோடு முடிந்துவிடுகிறது என்று எனக்குப் படுகிறது. 1959-இல் ‘எழுத்து’ தொடங்கியது. 1962-இல் ‘புதுக்குரல்கள்’ தொகுப்பு வந்தது. யாப்பை விட்டு எழுதுவது பின்னர் இயல்பாகிவிட்டது. எதுகை நின்றது, மோனை நின்றது. ஆகவே செய்யுள்தனம் போயிற்று என்றோம். போகவில்லை. கூட்டத்தை நோக்கிப் பேசும் குரல் இருக்கிறது. கைதட்டலுக்கு இடம்விட்டு நிறுத்தும் வரி இருக்கிறது. வாசகன் ஒப்புக்கொண்டே தீரவேண்டிய முத்தாய்ப்பு இருக்கிறது. யாப்பு அந்தக் குரல் வெளியே போன வழிகளில் ஒன்று. அதை வெட்டினோம், குரல் வந்த வழி அப்படியே இருந்தது. செய்யுளாக வந்தபோது அந்தக் குரலை அடையாளம் கண்டு எச்சரிக்கையோடு படித்தோம். உரைநடை வரிகளில் வரும்போது எச்சரிக்கை இல்லாமல் தொடுகிறோம். ஒரு கவிதை எதை விட்டுவிட்டது என்று மதிப்புரையில் எழுதுபவர், எந்த இடத்தில் வெட்டியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும்.

உவமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. கவிதையைத் தொட்டு யாரும் சாவதில்லை. அம்மா செத்திருக்கலாம்.

ஸ்விட்ச் இப்போது ஃபேஸில் இருக்கிறது. ஃபேனை மாற்றியாயிற்று. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றும் பொருத்தியிருக்கிறது. ஆனாலும் அம்மா துடைக்கப் போகுமுன் மெயினை அணைக்கிறாள். பலகையில் இத்தனை ஸ்விட்ச் எதற்கு என்று கேட்கிறாள்.