டான்குனில திரும்பாதீங்க

கொல்கத்தாலருந்து வடக்க கார்ல போறவங்க எல்லாரும் டான்குனி போய் துர்காபூர் எக்ஸ்பிரஸ்வேல ஏறிடுறாங்க.
வேகம்தான். ஆனா கண்ணுக்கு ஒண்ணுமே கிடைக்காது.

இன்னிக்கு நாங்க பாலியிலருந்து பழைய கிராண்ட் டிரங்க் (ஜி.டி.) ரோட்டையே பிடிச்சோம்.

குறுகலான ரோடு. டோட்டோன்னு சொல்ற பேட்டரி ரிக்‌ஷா, சைக்கிள், மீன் கடை, நெரிசல். இருக்கட்டுமே! வலது பக்கம் வீடுகளுக்குப் பின்னாடி ஹூக்ளி ஆறு கூடவே வருது.

ஸ்ரீராம்பூர் டேனிஷ்காரங்க ஊரு. நம்ம தரங்கம்பாடியும் அவங்ககிட்டதானே இருந்துச்சு? 1845ல ரெண்டையும் சேர்த்தே பிரிட்டிஷ்காரங்களுக்கு வித்துட்டாங்க.

அப்புறம் பிரெஞ்சுக்காரங்களோட சந்தன்நகர்.
ஸ்ட்ராண்ட்ல மர நிழல்ல ஆத்தைப் பார்த்துக்கிட்டே நடந்தேன். அப்படியே புதுச்சேரி ஞாபகம்.
டூப்ளே அங்க கவர்னரா வர்றதுக்கு முன்னாடி இங்கதான் பத்து வருஷம் நிர்வாகம் பண்ணாரு. 1949ல இந்த ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டே இந்தியாவோட சேர்றோம்னு சொல்லிட்டாங்க. புதுச்சேரிக்கு 1954 ஆச்சு.

இன்னும் கொஞ்சம் போனா டச்சுக்காரங்களோட சின்சுரா, போர்ச்சுகீசியரோட பண்டேல்.
எல்லாம் சுமார் 20 கிலோமீட்டருக்குள்ள!

இந்த ரோட்டை யாரும் விட்டுடக் கூடாது.

நம்ம பக்கம் பைபாஸ் வந்ததால நாம மறந்துட்ட பழைய ரோடு எது? சொல்லுங்க, ஊருக்கு வர்றப்ப போகணும்.