அளபெடைக்கு இடமில்லாத விதி

யாப்பை விட்டு வெளியே வந்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். அந்த விடுதலையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சில வருஷங்களாகப் பங்குச் சந்தையில் சிறு தொகையை வைத்துப் பழகிவரும் எனக்கு, விதி என்ற சொல்லின் மேல் நம் வட்டத்தில் உள்ள அலட்சியம் வெறும் சோம்பேறித்தனமாகப் படத் தொடங்கியிருக்கிறது. (வியாபார விஷயம் இந்தப் பக்கங்களில் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள், மஞ்சள் மூட்டையும் பருத்திப் பொதியும் விற்ற காசில்தான் நம்மில் பலரும் முதல் புத்தகத்தை வாங்கினோம் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.)

என் பெரியப்பா ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் போட்டவர். வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்ட விரலி மஞ்சள் வருஷக்கணக்கில் கெடாது. தக்காளிக்காரனுக்கு இல்லாத சோதனை இது. விலை ஏறும் என்று காத்திருக்கலாம், காத்திருந்துகொண்டே இருக்கலாம். பெரியப்பா மூன்று விதி வைத்திருந்தார். மூன்றில் ஒரு பங்கை, கூலியும் கடனும் தீர, காய்ந்த உடனே விற்றுவிடுவது. அடுத்த பங்கை, அதுவரை பார்த்த உச்ச விலையிலிருந்து பத்தில் ஒரு பாகம் இறங்கிய அன்றைக்கு விற்பது. கடைசிப் பங்கை, அடுத்த நடவுக்கு முன் என்ன விலையானாலும் விற்பது. 2010இல் விலை மேலே மேலே போனபோது நடுவில் ஒருமுறை சரிந்தது. இரண்டாம் பங்கை ஏற்றி அனுப்பிவிட்டார். பிறகு குவிண்டால் 17,000 ரூபாய் வரை போயிற்று. ஊரே சிரித்தது. 'சிரிக்கட்டுங் கண்ணு, அவிய மூட்டைய அவிய வெச்சுக்கட்டும்' என்றார். 2012இல் 5,000க்கும் கீழே வந்தது. அவர் அப்போதும் சிரிக்கவில்லை. அதைத் தன் ஜெயமாக அவர் நினைத்ததாகவே தெரியவில்லை. உச்சத்தைப் பிடிப்பது அந்த விதியின் வேலையே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற வியாபாரி 1983இல் இதையே ஒரு பந்தயமாக நடத்தினார். சந்தைத் திறமை பிறவியிலேயே வருவது என்றார் நண்பர் வில்லியம் எக்கார்ட். கற்றுத்தரலாம் என்றார் இவர். விளம்பரம் கொடுத்து இருபது பேருக்கு மேல் சேர்த்து, முந்தைய 20 நாள் உச்சத்தை விலை தாண்டினால் வாங்கு என்பது போன்ற விதிகளை இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்துப் பணத்தையும் கையில் தந்தார். பலர் ஏராளமாகச் சம்பாதித்தார்கள். எல்லோரிடமும் ஒரே விதிகள்தான். பலன் மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. விமர்சகர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

கோவைக்கும் சொந்தமாக ஒரு பங்குச் சந்தை இருந்தது. 1994இல் தேசியப் பங்குச் சந்தையின் திரைகள் வந்தபின் வியாபாரம் அங்கே நகர்ந்தது. ஆண்டு வியாபாரம் 1,000 கோடியைத் தொடாத சந்தைகள் வெளியேறலாம் என்று 2012இல் செபி சொன்னது. மறு வருஷம் கோவைச் சந்தை அங்கீகாரத்தைத் துறந்தது. இன்று சந்தை பட்டறைப் பையன்களின் சட்டைப்பையில் இருக்கிறது. 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி என்று செபியின் ஆய்வே சொல்கிறது.

அந்த 93இல் ஒருவன் என் மச்சினன் மகன். கணபதியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறான். கல்யாணத்துக்குச் சேர்த்ததில் பாதி போனபின் என்னிடம் வந்தான். மீதி இரண்டு லட்சம். 'ஒரு சிஸ்டம் எழுதிக் குடுங்க மாமா' என்றான்.

எழுதினேன். விருப்ப ஒப்பந்தம் கிடையாது, பங்கு மட்டும். வாங்கும் முன்பே வெளியேறும் விலையைக் குறித்துவிட வேண்டும். ஒரு முறையில் போகக்கூடியது முதலில் நூற்றுக்கு ஒன்று, அதாவது 2,000 ரூபாய். 400 ரூபாய்ப் பங்கு, 380இல் வெளியே என்றால் நூறு பங்குக்கு மேல் வாங்கக்கூடாது. எத்தனை பங்கு என்பதை அவன் நம்பிக்கை தீர்மானிப்பதில்லை, அந்த இருபது ரூபாய் தீர்மானிக்கிறது. அவன் சலித்துக்கொண்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். கையிலிருப்பதில் நூற்றுக்கு ஒன்றாகப் பத்து முறை தொடர்ந்து தோற்றால் இரண்டு லட்சத்தில் ஏறத்தாழ 1,81,000 மிஞ்சும். நூற்றுக்குப் பத்தாக வைத்துத் தோற்றால் 70,000கூட மிஞ்சாது. பழைய இடத்துக்கு வர அதை ஏறக்குறைய மூன்று மடங்காக்க வேண்டும். லேத்தில் நூலளவு பிசகினால் என்ன ஆகும் என்று தெரிந்தவன், பேசாமல் கேட்டுக்கொண்டான்.

பிறகு அவன் கேட்டதுதான் அசல் கேள்வி. 'இதை எப்பங் மாமா மாத்தறது?'

வெண்பாக்காரனுக்கு ஓசை குறைந்தால் அளபெடை இருக்கிறது. எழுத்தை நீட்டி நிரப்பிக்கொள்ளலாம், இலக்கணமே அனுமதிக்கிறது. வியாபாரியின் அளபெடை 'இந்த ஒரு தடவை' என்பது. 380 வந்ததும் 375 பார்க்கலாமே என்கிறது மனம், அதற்குக் காரணங்களையும் அழகாக அடுக்குகிறது. நமக்குப் பிடித்த கவிஞனுக்காக நம் அளவுகோலை நீட்டிக்கொடுக்கும்போது நாம் அடுக்குகிற காரணங்களின் அதே பாஷை. பங்கு கையில் இருக்கும்போது விதியைத் தொடாதே, முப்பது முறை முடிந்தபின் சந்தை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்று என்றேன். புதுக்கவிதைக்காரன் விதியை எழுதும்போதே உடைக்கலாம். தவறினால் ஒரு மோசமான கவிதை, அவ்வளவுதான்.

போன மாதம் நோட்டைக் கொண்டுவந்தான். பதினேழு வரிகள். பதினொன்றில் நஷ்டம், ஆறில் லாபம், கூட்டிக் கழித்து 9,000 ரூபாய் மேலே. சந்தோஷமில்லை அவனுக்கு, பட்டறை ஓவர்டைமில் இதைவிட வருமாம். பதினாலாம் வரியில் வெளியேறும் விலை அடித்துத் திருத்தப்பட்டிருந்தது. அந்த ஒன்றில் லாபம் வந்திருந்தது. அதைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசினோம்.