வேகன் கிடைக்காத காலம்

திங்கள்

போர்க்கால பெங்களூரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் முதலில் இடிப்பது பாதையின் அகலம்தான். மதராஸிலிருந்து ஜோலார்பேட்டை வழியாக 1864இல் வந்து சேர்ந்தது அகலப்பாதை. மைசூருக்கும் ஹரிஹருக்கும் போனது மீட்டர் கேஜ். அதில் ஓடும் வேகன் இதில் ஓடாது. பத்ராவதி ஆலையின் இரும்போ சிமெண்டோ பெங்களூர் வழியாக மதராஸ் போக வேண்டுமானால், இங்கே கூலியாட்கள் ஒரு வேகனிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்றியாக வேண்டும். ஒரு சரக்குக்கு இரண்டு வேகன். ஒன்று வந்து நிற்கும்போது மற்றது வந்திருக்காது. சிமெண்டுக்கு உத்தரவு வாங்கிவிடலாம். வேகனுக்கு வாங்குவதுதான் பாடு.

புதன்

ஹெச்.ஏ.எல். அருங்காட்சியகம். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய விமான ஆலை, 1943இல் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்ப்புத் தளமாகிவிட்டது. ஜாலஹள்ளியில் இராணுவ மருத்துவமனைகள், நகரைச் சுற்றி இத்தாலியக் கைதிகளின் முகாம்கள். இத்தனைக்கும் இரும்பும் மரமும் ரயிலில் வந்தாக வேண்டிய காலம் அது. போர் முடிந்து விமான வேலை குறைந்ததும் இதே ஆலை ரயில் பெட்டி கட்ட ஆரம்பித்தது. அந்தப் பிரிவிலிருந்து 1964இல் பிறந்ததுதான் பெமல் நிறுவனம். இன்று பெங்களூர்க்காரர் ஏறும் மெட்ரோ பெட்டிகளில் பலவும் பெமல் செய்தவை.

வியாழன்

வேகன் ஏன் இல்லை? போரால் சரக்கு கூடியது பாதிக் காரணம். வங்காளத்து நிலக்கரி முன்பெல்லாம் கல்கத்தாவில் கப்பலேறி மதராஸுக்கு வரும். 1942இல் ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவுக்குள் வந்ததும் கடல்வழி ஆபத்தாயிற்று; அந்தக் கரியும் தண்டவாளத்தின் தலையில் விழுந்தது. அதற்கு முன்பே மீட்டர் கேஜ் எஞ்சின்களையும் வேகன்களையும் மத்திய கிழக்குப் போர்முனைக்குக் கப்பலேற்றியிருந்தார்கள். கொஞ்ச நாளில் அசாமும் கேட்டது. சீனாவுக்கு வழி திறக்க அமெரிக்கர்கள் போட்ட லெடோ சாலைக்குப் பொருள் போய்ச் சேர, பார்பதிபூரில் அகலப்பாதையிலிருந்து மீட்டர் கேஜுக்கு மாற்ற வேண்டும். பிறகு பாலமே இல்லாத பிரம்மபுத்திராவைப் படகில் தாண்ட வேண்டும். அமெரிக்கர்கள் பொறுமையிழந்து, 1944 மார்ச்சில் தங்கள் ரயில்வே படையையே அந்தப் பாதையில் இறக்கினார்கள். அதை அவர்களின் கெட்டிக்காரத்தனம் என்று எழுதுபவர்கள் உண்டு. எங்கள் பக்கத்து ஊர்கள் அதற்கெல்லாம் முன்பே தங்கள் தண்டவாளத்தையே மொய் எழுதிவிட்டன என்பதை யாரும் எழுதுவதில்லை.

சனி

அப்படி மொய் எழுதிய ஊரைப் பார்க்கத்தான் ஓசூர் பஸ் ஏறினேன். மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குறுகிய பாதை இருந்தது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இன்னொன்று. இரண்டுமே வறட்சிச் சீமைக்குப் பஞ்சகாலத்தில் தானியம் கொண்டுவரவென்று போட்டவை. 1941இல் மொரப்பூர்–ஓசூர் பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள்; கிருஷ்ணகிரிப் பாதையும் இல்லாமல் போனது. மதுரை–போடி பாதைக்கும் அந்தப் போரில் இதே கதிதான். பஞ்சத்துக்கென்று வைத்த பாதையைப் போருக்காகப் பெயர்த்தவர்களுக்கு அது ஒரு கணக்கு. லாபமில்லாத பாதை, தேவையான இரும்பு. 1943இல் வங்காளம் பட்டினியில் விழுந்தபோது அரிசிக்கும் வேகன் இல்லை என்பதைப் படித்தபின், அந்தக் கணக்கை அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

“இங்க சின்ன ரயில் ஓடுச்சாமே, ஐயா?”

“எங்கப்பா ஏறியிருக்காருங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பிடுங்கிட்டாங்க.”

ஓசூருக்கு மறுபடி ரயில் வர அறுபதுகளின் கடைசி ஆயிற்று, சேலம்–பெங்களூர் மீட்டர் கேஜாக. மொரப்பூர்–தர்மபுரிக்கு 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். போடிக்கு ஐம்பதுகளிலேயே பாதை திரும்ப வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகராகியும், அந்த ஊர்க்காரர் ரயில் பிடிக்க ஓசூருக்கோ தர்மபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோதான் பஸ் ஏறுகிறார்.