பஸ்காலின் பணயம்

கடவுள் உண்டு என்பார் ஒரு சாரார். இல்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் இடையே ஆரவாரமின்றி வாழ்வோர் மூன்றாம் சாரார் ஆவர். “இருந்தால் நன்மை, இல்லாவிட்டாலும் கும்பிட்டதால் ஒரு நட்டமும் இல்லை” என்பது அவர்தம் நிலைப்பாடு. பரீட்சை அண்மிக்கும் வாரங்களிற் கோயில் வாயிலிலும், தேவாலயத்தின் பின்வரிசை வாங்குகளிலும் இவர்களுட் சிலரைக் காணலாம். விவாத மேடைகளில் இவர்கள் வாய் திறப்பதில்லை. திறக்கவேண்டிய தேவையும் இல்லை. ஆத்திகனுக்கு நிரூபணம் வேண்டும்; நாத்திகனுக்கும் வேண்டும்; இவர்களுக்கோ ஒரு சிறு கணக்கே போதும். அக்கணக்கு பிழையற்றதா என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

இதன் வேர் மிகப் பழையது. பல சமயத்தாரிடையும் வெவ்வேறு வடிவிற் பயின்று வந்தது. எனினும், இதனைச் சூதாட்ட மேசையின் கணிதத்தைக் கொண்டு எழுதிவைத்தவர் பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பஸ்கால் (1623 - 1662) ஆவார். வரி நிருவாகத்திற் பணியாற்றிய தந்தையாரின் கூட்டற் சுமையைக் குறைக்கும் பொருட்டு 1642 இல் ஒரு கணிக்கும் பொறியை அமைக்கத் தொடங்கிய இளைஞர் அவர். 1654 ஆம் ஆண்டின் கோடையிற் கணித மேதை பெர்மாவுடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து நிகழ்தகவுக் கோட்பாட்டின் தோற்றுவாயாகக் கருதப்படுகிறது. அக்கடிதங்களின் பொருள், இடையில் நின்றுபோன ஓர் ஆட்டம்.

இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து ஆடுகின்றனர். முதலில் மூன்று சுற்று வெல்பவருக்கு 64 காசும் உரியன. ஒருவர் இரண்டு சுற்றும் மற்றவர் ஒரு சுற்றும் வென்றிருக்கையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. காசை எவ்வாறு பகிர்வது? பஸ்காலின் விடை எளிமையானது. அடுத்த சுற்றில் வென்றால் முன்னிற்பவருக்கு 64. தோற்றால் இருவரும் சமநிலை எய்துவர், எனவே 32. ஆகவே 32 அவருக்கு எப்படியும் உரியது. எஞ்சிய 32 இல் இருவருக்கும் சமவாய்ப்பு உண்டாதலால் அதிற் பாதி 16. முன்னிற்பவருக்கு 48, மற்றவருக்கு 16. நடந்தேறாத ஒரு சுற்றுக்கு இன்றே விலை குறிக்கலாம் என்னும் இவ்வெண்ணம் அக்காலத்திற் புதுமையானது. காப்புறுதிக் கணக்கு யாவும் இதன் வழிவந்தவையே.

பிற்காலத்தில், கிறித்தவ சமயத்துக்கு ஆதரவாக ஒரு பெருநூல் எழுதக் கருதிய பஸ்கால் அதனை முடிக்காமலே இறந்தார். அவர் விட்டுச்சென்ற துண்டுக் குறிப்புகள் 1670 இல் ‘சிந்தனைகள்’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளிவந்தன. அவற்றுள் ஒன்றுதான் இப்பணயம். அது கட்டுரையன்று, உரையாடல் என்பது மனங்கொள்ளத்தக்கது. எதிரே இருப்பவன் ஞானியுமல்லன், பாமரனுமல்லன். சூதாட்டம் அறிந்த, சமயத்தில் ஈடுபாடற்ற கனவான். அவனது மொழியிலேயே பஸ்கால் பேசுகிறார். கடவுள் உண்டா என்பதைப் பகுத்தறிவு தீர்மானிக்க இயலாது. எங்கோ எல்லையற்ற தொலைவில் ஒரு நாணயம் சுழல்கிறது. பந்தயம் கட்டாமல் ஒதுங்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. வாழ்க்கை என்னும் படகில் ஏறியாயிற்று. உண்டு என்று கட்டி வென்றாற் கிடைப்பது முடிவிலியான இன்பம். தோற்றால் இழப்பதோ முடிவுள்ள சில இன்பங்கள். வாய்ப்பு எத்துணைச் சிறிதாயினும் முடிவிலியாற் பெருக்கும்போது முடிவிலியே வரும். அறிவுடைய சூதாடி எப்பக்கம் கட்டுவான்?

கணக்கு அழகானது. ஆனால் அதன் அழகே அதன் குறையும் ஆகிறது. முடிவிலியைப் பாதியாக்கினாலும் முடிவிலி. இலட்சத்தில் ஒரு பங்காக்கினாலும் அதுவே. அவ்வாறாயின், இன்றே நம்பத் தொடங்குபவனின் எதிர்பார்ப்பும், ‘காசைச் சுண்டுவேன், தலை விழுந்தால் நம்புவேன்’ என்பவனின் எதிர்பார்ப்பும் ஒரே பெறுமதி உடையன. ‘ஓய்வூதியம் பெற்றபின் ஒருவேளை நம்பக்கூடும்’ என்று ஒத்திப்போடுபவனும் அதே முடிவிலிக்கு உரித்தாளியாகிறான். எந்தச் செயலையும் எந்தச் செயலினின்றும் பிரித்துக் காட்டாத கணக்கு வழிகாட்டுவது எங்ஙனம்? 48 க்கும் 16 க்கும் இடையே இருந்த தெளிவு இங்கே மறைந்துவிடுகிறது. முடிவுள்ள காசுகளுக்கென அமைந்த தராசில் முடிவிலியை வைத்தமையே இதற்குக் காரணம்.

இரண்டாவது தடை யாவரும் அறிந்தது. நாணயத்துக்கு இரு பக்கமே உண்டு. உலகத்துச் சமயங்களுக்கு அவ்வாறன்று. ஓர் இமாமும் இதே நியாயத்தைக் கூறலாமே என்று பதினெட்டாம் நூற்றாண்டில் திதரோ சுட்டிக்காட்டினார். மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரிலே கதைத்தலைவி அளவைவாதி முதலாகப் பூதவாதி ஈறாகச் சமயக்கணக்கர் பலரை அணுகி அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையை இவ்விடத்தில் நினையாதிருத்தல் தமிழ் மாணவனுக்கு அரிது. பணயம் வைப்பதாயின் அவள் யாரிடம் வைத்திருப்பாள்? ஆனால் அவள் கேட்டது எதில் ஊதியம் மிகுதி என்றன்று. எது மெய் என்றே கேட்டாள். பஸ்காலின் சூதாடி கேளாது விட்ட கேள்வியும் அதுவே. ஒன்றை நம்புவதால் வரும் நன்மை அது உண்மை என்பதற்குச் சான்றாகாது என 1734 இல் வோல்டயர் கூறியதும் இக்குறையை நோக்கியே. ஆயினும் வோல்டயர் சற்று அவசரப்பட்டார் எனவே தோன்றுகிறது; பஸ்கால் இதனைச் சான்றாக முன்வைக்கவில்லை. சான்று கிட்டாத இடத்தில் ஒருவன் என் செய்வது என்பதே அவரது வினா.

நம்பிக்கை விருப்பத்துக்குக் கட்டுப்படுமா என்பது இவற்றினும் ஆழமான சிக்கல். மகாவலி கடலிலிருந்து மலைக்கு ஏறுகிறது என்று மனமார நம்புவோருக்கு ஆயிரம் ரூபா தருவதாக ஒருவர் அறிவித்தால், ‘நம்புகிறேன்’ என்று சொல்ல ஆயிரம் பேர் வருவர். நம்ப ஒருவரும் வரார். பஸ்கால் இதனை உணராதவரல்லர். உரையாடலில் அக்கனவானே, கணக்குப் புரிகிறது, ஆனால் நம்ப முடியாதவாறு நான் படைக்கப்பட்டுள்ளேனே என்று முறையிடுகிறான். நம்பியவர் செய்வனவற்றைச் செய்யத் தொடங்கு, தீர்த்தம் தொடு, பூசை காண், பழக்கம் மனத்தைப் பின்னர் இழுத்துவரும் என்னும் கருத்தில் விடை வருகிறது. இவ்விடை பலருக்கு அருவருப்பை ஊட்டியுள்ளது. கணக்கிட்டுக் கும்பிடுவோரை முதலிற் புறந்தள்ளுவதில் இறைவனே மகிழக்கூடும் என அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1896 இல் எள்ளினார். எள்ளலில் நியாயமுண்டு. எனினும், பண்ணைக் கேட்டுக் கேட்டே இசை நுகரும் செவி பண்படுகிறது என்பதை மறுக்காதவர் பஸ்காலின் விடையை முற்றாக ஒதுக்கிவிட முடியாது.

இவ்விடத்திற் பாளி மொழித் திரிபிடகத்தின் மச்சிம நிகாயத்தில் உள்ள அபண்ணக சூத்திரம் ஒப்புநோக்கத்தக்கது. சாலா என்னும் ஊரின் பிராமண இல்லறத்தாருக்குப் புத்தர் கூறியதாக அமைந்த அதிலும் பகடை வருகிறது. மறுவுலகம் உண்டெனின் நல்லொழுக்கம் உடையவன் அங்கும் நன்மை பெறுவான். இல்லையெனினும் இவ்வுலகில் அறிஞரின் பாராட்டைப் பெறுவான். எனவே அவன் வீசிய காய் இரு வழியும் வெற்றிக்காய் என்பது அதன் நியாயம். இங்கே முடிவிலி தேவைப்படவில்லை, இறைவனும் தேவைப்படவில்லை. பணயம் வைக்கப்படுவது கொள்கையன்று; ஒழுக்கம். வியப்பு யாதெனிற் பஸ்காலும் தம் உரையாடலின் முடிவில் இதனை அண்டி வருகிறார். பந்தயம் கட்டியவன் நேர்மையும் பணிவும் நன்றியும் உடையவனாவான், இப்பிறவியிலேயே அவனுக்கு ஊதியம் உண்டு என்கிறார். ஆனால் நேர்மையும் பணிவும் ஊதியமாயின், அவற்றை நம்பாதவனும் பெறலாமன்றோ? சமய வாதம் இங்கே தன் சிறப்புரிமையை இழக்கிறது.

இனி, ‘நட்டமில்லை’ என்னும் சொல்லுக்கு வருவோம். மூன்றாம் சாராரின் நிலைப்பாடு முழுவதும் இச்சொல்லின் மேலேயே நிற்கிறது. தோற்றாலும் இழப்பில்லை என்று பஸ்காலும் முதலிற் கூறத்தான் செய்கிறார். ஆனால் எதிரிலிருப்பவன், ஒருவேளை அளவுக்கு மிஞ்சி வைக்கிறேனோ என்று ஐயுற்றதும், அவர் அதனை நகையாடி ஒதுக்கவில்லை, கணக்கிட அமர்கிறார். வைக்கப்படும் பொருள் ஒரு தேங்காயோ ஒரு மெழுகுதிரியோ அன்று, ஒரு முழு வாழ்க்கை என்பதை இருவரும் அறிவர். நட்டமில்லாத பணயம் பணயமே அன்று. பரீட்சைக் காலத்து வழிபாட்டில் எதுவும் பணயமாக வைக்கப்படுவதில்லை. அதனாலேயே அது பாதுகாப்பாக இருக்கிறது. வாழ்க்கையையே வைப்பவனுக்கோ பாதுகாப்பு என்னும் சொல்லே பொருந்தாது.

பஸ்காலின் குடும்பம் இதனை நன்கு அறிந்திருந்தது. தங்கை ஜாக்லின் 1652 இற் போர்-ரோயால் துறவியர் மடத்திற் சேர்ந்தபோது தமையனே மனமுடன்பட்டிருக்கவில்லை. 1661 இல், அம்மடத்தார் தம் மனச்சான்றுக்கு மாறான ஒரு கண்டனப் பத்திரத்திற் கையொப்பமிடுமாறு வற்புறுத்தப்பட்டனர். எதிர்த்து எழுதிய ஜாக்லின் இறுதியிற் பெரும் வேதனையுடன் ஒப்பமிட்டார். அவ்வாண்டு ஒக்டோபரில் இறந்தார்.

பஸ்கால் நெடுநாள் நோயாளி. 1662 மார்ச்சிற் பாரிஸ் நகரிற் குறைந்த கட்டணத்தில் ஏறிச்செல்லும் குதிரை வண்டிச் சேவை தொடங்கியபோது அதன் முன்னின்ற அமைப்பாளருள் அவரும் ஒருவர். கிடைக்கும் வருவாயை ஏழைகளுக்கு அனுப்புவதிலேயே அவர் நாட்டம் இருந்தது. தம் வீட்டில் ஒரு வறிய குடும்பத்துக்கும் இடமளித்திருந்தார். அக்குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்கு அம்மை கண்டது. பிள்ளையை வேறிடம் அனுப்புவதே முறை என்றனர் பிறர். நோயுற்ற பிள்ளையை அசைப்பது தகாது என்று கூறி, அதனினும் கொடிய நோயில் இருந்த பஸ்கால் தம் வீட்டை விட்டுத் தாமே வெளியேறித் தமக்கை கில்பேர்த்தின் வீட்டுக்குச் சென்றார். ஜூன் மாத இறுதியிற் சென்றவர் திரும்பவில்லை. ஆகஸ்ட் 19 ஆம் நாள் அங்கேயே இறந்தார். வயது 39.

இறந்து சில நாட்களின் பின், அவரது மேலாடையின் உட்புறம் தடித்திருந்ததை ஒரு பணியாளர் கண்டார். தையலைப் பிரித்தபோது மடித்த தோற்றாள் ஒன்றும் அதனுள் ஒரு காகிதமும் வெளிப்பட்டன. பெர்மாவுடன் கடிதம் எழுதிய அதே 1654 ஆம் ஆண்டின் நவம்பர் 23 ஆம் நாள் இரவு, ஏறத்தாழப் பத்தரை மணி முதல் நள்ளிரவு கடந்து அரைமணி வரை தமக்கு நேர்ந்த அனுபவத்தை அவற்றிற் குறித்திருந்தார். நாணயம், ஆட்டம், ஊதியம், நட்டம் எனும் சொற்களில் ஒன்றேனும் அதில் இல்லை. எட்டாண்டுகளாக, ஆடை மாற்றும்போதெல்லாம் பழைய தையலைப் பிரித்தெடுத்து, அதனைப் புதிய ஆடையின் உட்புறத்தில் வைத்துத் தைத்து வந்திருக்கிறார். அப்படி ஒன்று இருந்ததை வீட்டார் எவரும் அறிந்திருக்கவில்லை.