வரையும் வரைபடமும்

போடிநாயக்கனூரில் பிறந்தவர்க்கு மேற்கு என்பது ஒரு திசையன்று, மலையே. காலைக் கதிர் முதலில் படுவதும் அம்மலை முகட்டில்தான். மாலையில் ஊருக்கு முன்னே இருள்வதும் அதுதான். அதனை நாள்தோறும் கண்டு வளர்ந்தேனேயன்றி, அஃது ஓர் எல்லை என்பதை யான் எண்ணியதில்லை.

பள்ளியில் தமிழ்ப்பாடம் எனக்குத் தேன், புவியியலோ வேம்பு. ஒன்பதாம் வகுப்பில் தமிழ்நாட்டுப் படம் வரையப் பணித்தபோது, மேற்கெல்லை முழுவதையும் அளவுகோல் வைத்து ஒரே கோடாக இழுத்துவிட்டேன். ஆசிரியர் சினக்கவில்லை. "தம்பி, இந்தக் கோடு படத்தில் ஏன் நெளிந்து நெளிந்து செல்கிறது? மழை பெய்யும்போது போடிமெட்டில் நின்று பார்" என்றார்.

ஐப்பசியில் அதற்கு வாய்ப்புக் கிட்டியது. என் தமக்கையைப் பூப்பாறைக்கு அருகில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு மணம் செய்து கொடுத்திருந்தோம். அவளைக் காணத் தந்தையாருடன் சென்றேன். கொண்டை ஊசி வளைவுகள் 17 கடந்து மேட்டை அடைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சாலையோரத்தில் ஒதுங்கி நின்றோம். ஒரே மேகம் பொழிந்த நீர் இருவேறு பக்கமாக ஓடிற்று. எங்கள் ஊர்ப்பக்கம் இறங்கியது கொட்டகுடி ஆற்றில் விழுந்து, வைகையோடு கலந்து, இராமநாதபுரத்தை நோக்கிக் கிழக்கே செல்லும். அப்பக்கம் இறங்கியதோ பன்னியாறு, முதிரப்புழை, பெரியாறு என்று பெயர் மாறி மாறி அரபிக் கடலை அடையும். இவ்வாறு நீரைப் பிரிக்கும் முகட்டை நீர்ப்பிரிமேடு என்பர் புவிநூலார். இரு மாநில எல்லையும் இங்கே பெரும்பாலும் அம்மேட்டின் வழியே செல்கிறது. மழை பிரியும் இடமெல்லாம் கோடும் வளைகிறது.

மலைக்கு வரை என்பது பெயர். எல்லைக்கும் வரை என்பது பெயர். கோடு தீட்டுதலும் வரைதலே. பிற்காலத்தில் நிகண்டு கற்றபோது இவற்றை மனப்பாடம் செய்தேன். ஆயினும் நான் பொருளறிந்தது அந்த மழையில்தான். (மணம் செய்தலையும் வரைவு என்பர் முன்னோர். தமக்கையை மலைக்கு அப்பால் கொடுத்த எங்களுக்கு அதுவும் பொருந்திற்று.)

தென்மேற்குப் பருவமழையை அம்மலையின் மேற்குச் சரிவு பெரிதும் வாங்கிக்கொள்கிறது. நிழலும் ஈரமும் நாடும் ஏலம் அங்கே செழிக்கிறது. மழை மறைவில் கிடக்கும் போடி, காயை விளைவியாமல் விற்கும் ஊராயிற்று. 1928இல் மதுரையிலிருந்து வந்த இருப்புப்பாதை அவ்வணிகத்தை வளர்த்தது. என் அன்னையும் கிட்டங்கி ஒன்றில் ஏலக்காயைத் தரம் பிரித்தே எங்களை வளர்த்தார். மலையின் இருபுறமும் இல்லாமல் எங்கள் வீட்டில் உலை கொதித்ததில்லை.

எனினும், மாணவர்களே, எல்லைகள் அனைத்தையும் மலையே வகுத்தது என்று எண்ணிவிடாதீர்கள். 2695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி இக்கோட்டின்மேல் இல்லை. கேரளத்தின் உள்ளே நிற்கிறது. மறையூர்ப் பக்கத்துப் பாம்பாறு கேரளத்தில் பிறந்தும் கிழக்கே திரும்பி அமராவதியில் கலக்கிறது. சிலியும் அர்ஜென்டினாவும் 1881இல், ஆண்டீஸ் மலையில் நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த முகடுகளே எல்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. தெற்கே சென்று பார்த்தால், உயர்ந்த முகடு ஓரிடத்திலும் நீர் பிரியும் மேடு வேறிடத்திலும் இருந்தன! அவ்வழக்கு 1902இல் பிரிட்டிஷ் மன்னரின் தீர்ப்புவரை சென்றது.

நம் எல்லையிலும் வழக்கு இல்லாமலில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழியை முதன்மையாகக் கொண்டு மாநிலங்கள் பிரிக்கப்பட்டன. தெற்கே தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அங்கே மொழி மேட்டைத் தாண்டியிருந்தது, கோடு தாண்டவில்லை. ஆனால் நீர் தாண்டியது. 1886இல் திருவிதாங்கூர் 999 ஆண்டுக் குத்தகைக்கு அளித்த நிலத்தில், பென்னிகுயிக் என்னும் பொறியாளர் 1895இல் அணையைக் கட்டி முடித்தார். மேற்கே போகவேண்டிய பெரியாற்று நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைக்கு வருகிறது.

2011 டிசம்பரில் அவ்வணை பற்றிய பூசல் முற்றியது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர் அஞ்சி மலையிறங்கினர். தமக்கையும் பேரக்குழந்தைகளோடு ஒரு துணிமூட்டையுடன் எங்கள் வாசலில் வந்து நின்றாள். என் மேசையின்மேல் இருந்த படத்தில் அவள் வீட்டிற்கும் என் வீட்டிற்கும் இடையே ஒரு விரற்கடையும் இல்லை. அவள் அதனைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இதில் என் வீடு எங்கேயடா?" என்று கேட்டாள். தொட்டுக் காட்டினேன்.

சில வாரங்களில் பூசல் தணிந்தது. "காய் எடுக்காவிட்டால் செடியிலேயே பழுத்து வெடித்துவிடும், தம்பி" என்று சொல்லி, விடியுமுன் புறப்பட்ட ஜீப்பில் ஏறி மலைக்குப் போய்விட்டாள்.