மின்னல் நசுக்கிய செப்புக் குழாய்

மின்னல் விழுந்தால் எரியும், உருகும், வெடிக்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மின்னல் ஒரு பொருளை உள்நோக்கி நசுக்கியதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அவுஸ்திரேலியாவில் ஹார்ட்லி வேல் என்ற இடத்தில் ஒரு மண்ணெண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. அங்கே இடிதாங்கியில் இருந்த செப்புக் குழாய், மின்னல் பாய்ந்த பிறகு கையால் பிழிந்ததுபோல ஒடுங்கிப் போனது. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பொலொக், பராக்ளஃப் இருவரும் 1905 இல் அதை ஆராய்ந்து, குழாயில் ஓடிய மின்னோட்டமே அதை நசுக்கியது என்றார்கள்.

ஒரே திசையில் மின்னோட்டம் பாயும் இரண்டு சமாந்தரக் கம்பிகள் ஒன்றையொன்று கவரும். உயர்தரத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டு மறக்கிற விதி. 1 மீற்றர் இடைவெளியில் இரண்டிலும் 1 அம்பியர் பாய்ந்தால், ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் விசை வெறும் 0.0000002 நியூட்டன். எறும்புகூட அசையாது. இரண்டிலும் 1 இலட்சம் அம்பியர் பாயட்டும்: 2000 நியூட்டன், கிட்டத்தட்ட 200 கிலோவின் பாரம்! குழாயின் சுவரைப் பல கம்பிகள் சேர்ந்ததாக நினைத்துப் பாருங்கள். எல்லாம் ஒன்றையொன்று இழுத்தால் நடுவுக்குத்தானே வர வேண்டும்.

இப்போது செப்புக்குப் பதிலாக வாயு. கொள்ளளவிகளில் சேர்த்த மின்னை ஒரே நொடிப்பில் வாயுவுக்குள் விட்டால், அணுக்களிலிருந்து இலத்திரன்கள் பிரிந்து பிளாஸ்மா உண்டாகும். பிளாஸ்மா மின்னைக் கடத்தும். கடத்தும் மின்னே அதைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கி உள்ளே நெரிக்கும். நாலா பக்கமும் இருந்து பாய்ந்து வந்த பிளாஸ்மா நடுவில் மோதி நிற்கும்போது, அந்த வேகமெல்லாம் வெப்பமாகவும் எக்ஸ் கதிராகவும் மாறுகிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடத்தில் உள்ள இசட் இயந்திரம் தலைமுடியிலும் மெல்லிய தங்குதன் கம்பிகளுக்குள் சுமார் 2.6 கோடி அம்பியரை விடுகிறது. கம்பிகள் ஆவியாகிப் பிளாஸ்மாவாகி நடுவில் நொறுங்கிச் சேர, செக்கனில் 1 கோடியில் ஒரு பங்கு நேரம் போதும்.

சாதாரண தரப் பெறுபேறு வந்தால், கெட்டிக்காரப் பிள்ளைகளே "கணிதப் பிரிவு வேணாம் சேர், பௌதிகம் வெறும் சமன்பாடு" என்கிறார்கள். பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். படிப்பிக்கிற எங்களுக்கு அதுதான் வயிற்றெரிச்சல். செம்பை நசுக்கியது அந்த வெறும் சமன்பாடு சொல்கிற விசைதான்.

தீராத கணக்கும் இதில் இருக்கிறது. பிளாஸ்மாத் தூண் ஓரிடத்தில் கொஞ்சம் மெலிந்தால், அங்கே காந்தப்புலம் கூடும். புலம் கூடினால் இன்னும் மெலியும். கடைசியில் அறுந்துவிடும். சிலவேளை பாம்புபோல நெளிந்து குலையும். சூரியனில் நடப்பதுபோல அணுக்கருக்களை இணைத்துச் சக்தி எடுக்க முயல்பவர்களுக்குப் பல தசாப்தங்களாக இதுதான் தலையிடி. பிளாஸ்மாவின் படைகளை வெவ்வேறு வேகத்தில் ஓடவிட்டு அந்த நெளிவை அடக்க முடியுமா என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பரிசோதித்திருக்கிறார்கள். தூண் முன்பைவிட நெடுநேரம் நின்றிருக்கிறது.